மின்னலையும் குருதியும்

நம் முன்னோர் நோய்களுக்கு இட்ட பெயர்களுள் சிலவற்றில் பரிவு தொனிக்கும். சிலவற்றில் அச்சம் தொனிக்கும். வலிப்பு நோய்க்கு வாய்த்தது அச்சமே. ‘காக்காய் வலிப்பு’ என்று சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் வழக்கம் இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை. தெருவில் ஒருவர் விழுந்து துடித்தால், கூடுகின்ற கூட்டத்தில் ஒருவர் சாவிக்கொத்தை நீட்டுவார். மற்றொருவர் இரும்புத் துண்டு தேடி ஓடுவார். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமே அடங்கிவிடும். அடங்கிய பெருமை சாவிக்குப் போய்ச் சேரும். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், வாயில் எதையும் திணிக்காதிருப்பதும், ஐந்து நிமிடங்களுக்கு மேல் துடிப்பு நீண்டால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதுமே செய்யத்தக்கவை என்பதை அந்தக் கூட்டத்தில் அறிந்தவர் சிலரே.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் வாழ்பவர்கள். தெய்வக் குற்றமென்றும் பேயென்றும் எண்ணப்பட்டு வந்த இந்நோயை, மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் எப்போதாவது திடீரெனவும் மிகையாகவும் நிகழும் ஆற்றல் வெளிப்பாடு என்று 1873ஆம் ஆண்டு விளக்கினார் ஆங்கில மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன். மின்னலைகளை வரையும் கருவி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, நோயாளிகளை உற்றுநோக்கியதாலேயே அவர் கண்ட உண்மை அது.

இவற்றையெல்லாம் நூலறிவின் ஆர்வத்தால் மட்டும் நாங்கள் தேடிக் கற்கவில்லை. எங்கள் தமக்கையாரின் பொருட்டுக் கற்க நேர்ந்தது. தந்தையாரின் அரசுப் பணி காரணமாகக் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்து, இராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள் நாங்கள். அக்காவுக்குப் பின் பிறந்தவர்கள் மூவர். 1989ஆம் ஆண்டு, தம் பதினான்காம் வயதில், எங்களுக்குக் கதை படித்துக் காட்டிக்கொண்டிருந்த அக்கா ஒரு சொல்லின் நடுவே நின்றார். கண் திறந்திருந்தது, வலக்கை விறைத்திருந்தது. ஒரு நிமிடம் கழித்து உணர்வு மீண்டது. பேச்சு மீள மேலும் சில நிமிடங்கள் ஆயின. பிற்காலத்தில் தலைநகரில் தமிழாசிரியையாகப் பணியேற்றார். மாதத்தில் நான்கைந்து முறை, சில நாள் வகுப்பிலேயே, சொல் அவரை விட்டுப் போய்விடும். “விழுவதைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன். வாயிலிருந்து தமிழைப் பிடுங்கிக்கொண்டு போகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை” என்று அவர் ஒருமுறை சொன்னது எங்கள் நெஞ்சில் தைத்துக் கிடக்கிறது.

மருந்துகளுக்குக் குறைவில்லை. 1912இல் வழக்குக்கு வந்த பீனோபார்பிட்டோன் முதலில் கொடுக்கப்பட்டது. பகலெல்லாம் உறக்கம் வந்தது. 1938இல் கண்டறியப்பட்ட பெனிட்டாயின் அடுத்து வந்தது, ஈறு வீங்கியது. கார்பமசெபின், வால்புரோயேட் என ஒவ்வொன்றாக வந்து, பின்னர் லெவிட்டிரசெட்டமும் சேர்ந்தது. மாத்திரைகளின் எண்ணிக்கை ஏறிற்றே அன்றி வலிப்பின் எண்ணிக்கை இறங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய துயரம் அன்று இது. கிளாஸ்கோ நகரில் குவான், பிராடி என்னும் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முன்பு மருந்தே உண்ணாத 470 நோயாளிகளுள் 47 விழுக்காட்டினர் முதல் மருந்திலேயே வலிப்பின்றி வாழ்ந்தனர். இரண்டாம் மருந்து மேலும் 13 விழுக்காட்டினருக்குப் பயன்பட்டது. மூன்றாவதாகத் தனித்துக் கொடுக்கப்பட்ட மருந்தோ 1 விழுக்காட்டினருக்கே உதவிற்று. தக்கவாறு தேர்ந்து, தக்க அளவில் கொடுத்த இரு மருந்துகள் பயன்தராவிடில் அதை ‘மருந்துக்கு அடங்காத வலிப்பு’ எனக் கொள்ளலாம் என்று பன்னாட்டு வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2010இல் வரையறுத்தது. நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இவ்வகையினர்.

மருந்துக்கு அடங்காத நோய் வாழ்க்கையின் பிற பகுதிகளிலும் அடங்காமல் புகுந்துவிடுகிறது. 1998ஆம் ஆண்டு அக்காவுக்கு ஒரு திருமணம் நிச்சயமாயிற்று. நோயை நாங்கள் மறைக்கவில்லை. முதலில் ஒப்புக்கொண்ட பிள்ளை வீட்டார், பத்திரிகை அச்சாகும் வேளையில் வழக்குரைஞர் ஒருவரைக் கலந்துகொண்டு பின்வாங்கினர். சட்டமும் அவர்கள் பக்கமே இருந்தது. அந்நாளைய இந்துத் திருமணச் சட்டம், மணத்துக்குத் தடையாகும் நிலைகளுள் மனநோயோடு வலிப்பையும் சேர்த்து எண்ணியிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ‘வலிப்பு’ என்ற சொல்லை அங்கிருந்து நீக்கியது. எங்கள் வீட்டுக்கு அந்த நீதி ஓராண்டு தாமதமாக வந்தது. அக்கா அதன்பின் மணத்தைப் பற்றிப் பேச்செடுக்க விடவில்லை.

மருந்து தோற்ற இடத்தில் கத்தி வெல்லக்கூடும் என்பது புதிய செய்தி அன்று. வேலூரில் 1949ஆம் ஆண்டு நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, வலிப்பு அறுவையின் ஆசானாகிய ஒயில்டர் பென்பீல்டிடம் மான்ட்ரியல் நகரில் பயின்றவர். சென்னையில் டாக்டர் பி. இராமமூர்த்தி 1950இல் அத்துறையைத் தோற்றுவித்தார். திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995 முதல் இந்த அறுவையைத் தொடர்ந்து செய்து வருகிறது. பயன் எவ்வளவு என்பதற்கும் சான்று உண்டு. பொட்டு மடல் வலிப்புடைய 80 பேரைக் கொண்டு கனடாவில் நடத்தி 2001இல் வெளியிட்ட சோதனையில், ஓராண்டு முடிவில் அறுவைக் குழுவினருள் 58 விழுக்காட்டினரும் மருந்துக் குழுவினருள் 8 விழுக்காட்டினரும் நினைவிழக்கச் செய்யும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தனர். நம் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் 116 சிறாரைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட சோதனையில் இவ்வெண்கள் 77, 7 என அமைந்தன. அறுவை பெற்ற சிறாரில் 33 விழுக்காட்டினருக்குக் கடும் பின்விளைவுகள் நேர்ந்ததையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர். அவற்றுள் மிகப் பல, ஒருபக்கக் கை கால் தளர்ச்சிபோல் முன்கூட்டியே எதிர்பார்த்தவை. ஆதாயமும் இழப்பும் ஒரே தராசில் நின்ற கணக்கு அது.

ஆனால் கத்தியை எங்கே வைப்பது? எண்ணாயிரத்து அறுநூறு கோடி நரம்பணுக்கள் நிறைந்த மூளையில், குழப்பத்தைத் தொடங்கி வைக்கும் ஊற்றுக்கண் எது? எம்.ஆர்.ஐ. படத்தில் வடுவோ கட்டியோ தெரிந்தால் வழி எளிது. அக்காவுக்கு மூன்று முறை எடுத்த படமும் குறையற்ற மூளை என்றே கூறிற்று. மின்னலைப் பதிவு, இடப்புற நெற்றிக்கும் பொட்டுக்கும் இடையே ஏதோ உண்டு என்றது. இடப்பக்கமோ பெரும்பாலோர்க்கு மொழி குடியிருக்கும் பக்கம். வலிப்பைப் போக்கப் போய்த் தமிழையும் போக்கிவிட்டால் என் செய்வது என்று மருத்துவர் அஞ்சினர், நாங்களும் அஞ்சினோம்.

மூளையின் மின்னலைகளை மனிதனிடத்தில் முதன்முதல் பதிவு செய்தவர் செருமனி நாட்டு யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர். 1924இல் பதிவு செய்தார். ஐந்தாண்டு தயங்கி 1929இல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜின் ஏட்ரியன் 1934இல் உறுதி செய்த பின்னரே உலகம் பெர்கரை நம்பியது. வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகளே அளவுடைய அந்த மெல்லிய அலை, மூளையுறையையும் மண்டையோட்டையும் தோலையும் கடந்து வருகிறது. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அது தவறவிடுவதில்லை. கோயில் மதிலுக்கு வெளியே நின்று நாகசுரம் கேட்பவர், வாசிப்பு எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று திருத்தமாகச் சொல்வார். எந்த மண்டபத்தில் வாசித்தார்கள் என்று கேட்டால் திசையைக் காட்டுவார். தூணைக் காட்ட இயலாது. மின்னலைப் பதிவின் வலிமையும் எல்லையும் அத்தகையனவே. ஆழ்ந்த மடிப்பினுள் சிறு பரப்பில் எழும் ஒலி சில வேளை மதிலைத் தாண்டி வருவதேயில்லை.

பெர்கர் மின்சாரத்துக்கு முன்பு குருதியை ஆராய்ந்தவர் என்பது பலரும் அறியாத செய்தி. மண்டையோட்டில் குறையுடைய நோயாளிகளின் மூளைக் குருதியோட்டத்தைப் பற்றி 1901ஆம் ஆண்டிலேயே நூல் எழுதினார். அவருக்கும் முன்பு, இத்தாலியின் ஏஞ்சலோ மோசோ, மண்டையோட்டில் காயமுற்ற உழவர் ஒருவரின் மூளைத் துடிப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, மாதா கோயில் மணி கேட்டதும் துடிப்பு மாறக் கண்டார். உழைக்கும் மூளைப்பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாயும் என்ற கொள்கையை ராயும் ஷெரிங்டனும் 1890இல் வகுத்தனர். வயலில் எந்தப் பாத்தி வாடுகிறதோ அதன் மடையைத் திறந்துவிடும் நீர்கட்டியைப்போல் உடல் இங்கே செயற்படுகிறது. தண்ணீர் சற்றுத் தாமதித்து வரும். வேண்டிய அளவுக்குச் சற்று மிகுதியாகவும் வரும்.

அந்த மிகுதிதான் பின்னாளில் கருவியாயிற்று. உயிர்வளி நீங்கிய குருதி காந்தத்தால் சிறிதே ஈர்க்கப்படும்; உயிர்வளி ஏறிய குருதிக்கு அப்பண்பு இல்லை. இதனை 1936இல் பாலிங்கும் கோரியலும் காட்டினர். இவ்வேறுபாட்டைக் கொண்டே மூளையின் உழைப்பைப் படம் பிடிக்கலாம் என்று 1990இல் நிறுவினார் செய்ஜி ஒகாவா. ஓரிரண்டு ஆண்டுகளில் மனித மூளையிலும் அது கைகூடிற்று. இதுவே செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. எனப்படுகிறது. ஆழத்தையும் மேற்பரப்பையும் ஒன்றுபோல் காணும். சில மில்லிமீட்டர் வரை இடத்தைச் சுட்டும். ஆனால் குருதி பெருகி உச்சத்தை எட்ட ஐந்தாறு நொடிகள் ஆகும். வலிப்புக்குரிய மின்கூர்முனை அதற்குள் தோன்றி மறைந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

ஒன்று காலத்தை அறியும். மற்றொன்று இடத்தை அறியும். இரண்டையும் ஒரே வேளையில் ஒரே தலையில் வைத்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. செய்வதுதான் கடினம். 3 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு வலியது. படம் எடுக்கும்போது மாறி மாறி முடுக்கப்படும் காந்தச் சுருள்கள் ஒவ்வொரு கம்பியிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும். மூளையின் அலையைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட இரைச்சல் அது. நாடித் துடிப்பினால் தலை மயிரிழை அசைந்தாலும் போலி அலை எழும். கம்பி சூடேறித் தோலைச் சுடவும் கூடும். இத்தனைக்கும் நடுவே, காந்தக் கூண்டினுள் மின்னலைப் பதிவு இயலும் என்று 1993இல் பாஸ்டன் நகரத்தார் காட்டினர். இரைச்சல் ஒவ்வொரு முறையும் ஒரே உருவில் வருவதால், அதன் சராசரியைக் கண்டு கழித்துவிடலாம் என்ற வழியை இலண்டனில் ஆலனும் உடனாய்வோரும் 2000இல் வகுத்தனர். அதன்பின் இரு கருவிகளும் ஒருங்கே இயங்கத் தடையில்லாது போயிற்று.

2017ஆம் ஆண்டு, மருத்துவமனை ஒன்றில் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாக இச்சோதனை நடப்பதாக அறிந்து அக்காவை அழைத்துச் சென்றோம். முந்திய இரவு உறங்க விடவில்லை. கூண்டினுள் கண்ணயர்ந்தால் கூர்முனைகள் மிகுதியாக வரும் என்பது காரணம். பத்து வயதில் போட்ட மூக்குத்தியைக் கழற்றப் பொற்கொல்லர் ஒருவரை நாட வேண்டியிருந்தது. 32 மின்வாய்கள் கோத்த துணித்தொப்பியைத் தலையில் மாட்டி, ஒவ்வொரு மின்வாயின் கீழும் பசை இட்டனர். காதுக்குப் பஞ்சு, தலையைச் சுற்றி மெத்தை, கையில் அழைப்புக் குமிழ். ஐம்பது நிமிடங்கள் உள்ளே சம்மட்டி அடிப்பதுபோல் ஓசை. வெளியே கண்ணாடிக்கு இப்பால் நாங்கள் நின்றோம். வெளியே வந்த அக்கா, “தறிக்கூடத்தில் தூங்கியதுபோல் இருந்தது” என்றார். அவர் உண்மையிலேயே தூங்கியிருந்தார்.

அந்த ஐம்பது நிமிடங்களில் 61 கூர்முனைகள் பதிவாயின. மருத்துவர் ஒவ்வொன்றையும் கண்ணால் தேர்ந்து குறித்தார். ஒவ்வொரு குறிக்கும் பின் குருதி எவ்வாறு பெருகித் தணியும் என்பதைக் கணிப்பொறி வரைந்துகொண்டு, மூளையின் எப்பகுதி அந்த வரைவுக்கு ஒத்து உயர்ந்து தாழ்ந்தது என்று தேடியது. இடப் பொட்டு மடலில் மங்கலான ஒரு திட்டு தெரிந்தது. அதைவிட மிகத் தெளிவாக, இட நெற்றி மடலின் ஒரு மடிப்பின் அடியில் புளியங்கொட்டையளவு ஓர் இடம் ஒளிர்ந்தது. பழைய எம்.ஆர்.ஐ. படத்தை அங்கே மீண்டும் பார்த்தனர். சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையிலான எல்லைக்கோடு அவ்விடத்தில் மட்டும் கலங்கியிருந்தது. பிறப்புக்கு முன்பே நேர்ந்த மூளைப் புறணியின் அமைப்புக் குறை அது. படத்தில் அது முன்பும் இருந்ததுதான். எங்கே பார்ப்பது என்பது தெரிந்த பிறகே கண்ணுக்குப் புலப்பட்டது.

இவ்வொளித் திட்டை வேதவாக்காகக் கொள்ளலாகாது என்று மருத்துவர் எங்களை எச்சரித்தார். சோதனை நேரத்தில் ஒரு கூர்முனையும் வராத நோயாளிகள் பலர். வந்தும் படத்தில் எதுவும் தெரியாதவர் பலர். அலை பரவிய இடமே ஊற்றுக்கண்போல் தோன்றி மயக்குவதும் உண்டு. ஆயினும், ஒல்லாந்தின் உத்ரெக்ட் நகரத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அறுவைக்கு ஆகாதென்று முன்பு ஒதுக்கப்பட்ட 29 பேருள் சிலருக்கு இம்முறை மீண்டும் வழி திறந்ததைக் காட்டியது. மூளையைத் துளைத்து ஆழ்மின்வாய்களைச் செருக வேண்டிய இடத்தைத் தேர்வதற்கே இது பெரிதும் துணையாகிறது. பாரிசில் தலெராக், பாங்கோ என்னும் இருவர் 1950களில் வகுத்த அந்த ஆழ்பதிவு முறைதான் இன்றும் இறுதித் தீர்ப்பு. அக்காவுக்கும் ஒன்பது நாள் ஆழ்பதிவு செய்தனர். நிகழ்ந்த நான்கு வலிப்புகளும் அந்தப் புளியங்கொட்டையிலிருந்தே புறப்பட்டன.

இந்தக் கூட்டுமுறை வேறொரு புதிருக்கும் ஒளி தந்தது. சிறுவர்க்கு வரும் ஒருவகை வலிப்பில் உடல் துடிப்பதில்லை. சில நொடிகள் பார்வை வெறித்து நினைவு அகன்று திரும்பும். நொடிக்கு மூன்றாக மின்னலையில் எழும் அதன் வடிவத்தை 1935இலேயே கிப்ஸ் முதலியோர் அறிந்தனர். நினைவு ஏன் அகல்கிறது என்பது விளங்காதிருந்தது. அலை எழும் வேளையில் மூளையின் நடுவிலுள்ள தலாமசில் குருதிக்குறி உயர்வதையும், மனம் தன்னில் தானே ஓய்ந்திருக்கும்போது இயங்குகின்ற புறணிப் பகுதிகளில் அது தாழ்வதையும் இவ்விரு கருவிகளும் சேர்ந்து காட்டின. வகுப்பில் ‘கவனமில்லை’ என்று அடிவாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் இந்நோயினர் என்று எண்ணும்போது மனம் கலங்குகிறது.

அறுவைக்கு முன் எஞ்சிய கேள்வி மொழி. ஊற்றுக்கண்ணுக்கும் பேச்சுக்குரிய இடத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு? செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. அதையும் அளக்கும், நோயாளி சொற்களை மனத்துள் நினைக்க வேண்டும். அங்கே இருந்தவை ஆங்கிலச் சொற்பட்டியலும் இந்திச் சொற்பட்டியலும் மட்டுமே. அக்காவின் நினைவு தமிழில் ஓடுவது. ஆகவே அன்றிரவு விடுதி அறையில் அமர்ந்து நாங்களே ஒரு பட்டியல் எழுதினோம்: உரல், திண்ணை, முறம், தேர், கொலுசு, வெண்பொங்கல். மறுநாள் அச்சொற்களுக்கு ஒளிர்ந்த இடம், ஊற்றுக்கண்ணிலிருந்து இரு விரற்கடைக்கு அப்பால் இருந்தது. அந்த இடைவெளியை நம்பி 2018இல் அறுவைக்கு இசைந்தோம்.

முதல் இரண்டு வாரம் அக்காவுக்குச் சொற்கள் தட்டித் தடவி வந்தன. மூன்றாம் வாரம் செவிலியரின் தமிழைத் திருத்தத் தொடங்கினார். அப்போதே எங்களுக்கு உயிர் வந்தது. அன்று முதல் அவர் நினைவிழந்து விழுந்ததில்லை. எப்போதாவது வலக்கையில் ஒரு மின்னல்போல் ஓடி மறைவது உண்டு. நான்கு வகை மாத்திரைகள் இரண்டாகியுள்ளன, முற்றும் நிற்கவில்லை. நிற்கும் என்று மருத்துவர் உறுதி கூறவும் இல்லை. ஐந்து மாதத்தில் வகுப்புக்குத் திரும்பி, தொடங்கிய வாக்கியங்களை முடித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் குடும்பத்தின் நலத்தைப் பறைசாற்றுவதற்காக இதனை எழுதவில்லை. இரு மருந்துகள் தோற்றபின் அறுவைச் சிகிச்சை மையத்தை நாடலாம் என்று அக்காவுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் யாரும் சொல்லவில்லை. இன்றும் அந்நிலையில் எத்தனையோ இல்லங்கள் உள்ளன. கூட்டுப் பதிவு நடக்கும் இடங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. எல்லார்க்கும் அது வேண்டுவதுமில்லை. ஆனால் ஊற்றுக்கண்ணைத் தேடலாம் என்ற செய்தி எல்லார்க்கும் வேண்டும்.

மலர் வெளியிடும் இச்சங்கத்தாரிடம் நாங்கள் வைக்கும் விண்ணப்பம் ஒன்று உண்டு. தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழர் நோயுற்றால், பிறமொழியிலேயே மருத்துவம் பெறுகிறார்கள். காய்ச்சலுக்கு அது போதும். மொழி குடியிருக்கும் இடத்தில் கத்தி வைக்கும்போது போதாது. மூளையின் மொழிப் பகுதியை அளப்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொற்களும் படங்களும் சிறு கதைகளும் அடங்கிய தொகுப்பு ஒன்றைத் தமிழாசிரியர்களும் நரம்பியல் வல்லுநர்களும் கூடி ஆக்கி, வெளிமாநில மருத்துவமனைகளுக்கு வழங்கலாம். அன்றிரவு நாங்கள் எழுதிய பட்டியலில் 84 சொற்கள் உள்ளன. அக்கா அவற்றை எழுத்துப்பிழை நீக்கிப் படியெடுத்து வைத்திருக்கிறார். கேட்போர்க்கு அனுப்பச் சித்தமாயிருக்கிறோம்.